கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் ஜெபம் எதற்கு?

தேவகோட்டை சகோதரிக்கு,

பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்காக ஒரு வருடமாக ஜெபித்தும் மாற்றமில்லை, கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு ஏன் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

மத்தேயு 6:8-ல் இயேசுவே அதைத்தான் சொல்கிறார்: நீங்கள் கேட்குமுன்னே உங்கள் தேவை தந்தைக்குத் தெரியும். அடுத்த வசனத்திலேயே ஜெபிக்கக் கற்றுத்தருகிறார். ஆக, ஜெபம் அவருக்குத் தகவல் சொல்வதற்கல்ல, அவரோடு இருப்பதற்கு. சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு, கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே இந்தத் துன்பக் கிண்ணம் நீங்கட்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து பலர் போகும் ஓரியூரில் 1693-ல் விசுவாசத்துக்காக வெட்டிக் கொல்லப்பட்ட புனித அருளானந்தரும் ஜெபித்தார், வாள் விலகவில்லை. அவர்கள் ஜெபம் வீண் என்று நாம் சொல்வதில்லையே!

உங்கள் விசுவாசம் குறைவு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கொடுமையான பேச்சு.

கோபம் இருந்தால் கோபத்தோடே பேசுங்கள். 13-ஆம் சங்கீதம் அப்படித்தான் தொடங்குகிறது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் அதிலிருந்து ஒரு வரி போதும். அப்புறம், பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள். பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலும் நற்கருணையும் வீட்டிலேயே தருவார். அம்மாவின் பெயரை எழுதுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.