கடற்காற்றின் அம்புகளைப் படிக்கப் பழகுவது எப்படி?

கேள்வி: பல்லடம் என் ஊர். கோவையில் வேளாண் வானிலையியல் படித்துவிட்டு, முன்னறிவிப்பாளர் பயிற்சியில் சேரப்போகிறேன். செயற்கைக்கோள் அளந்த கடற்பரப்புக் காற்று வரைபடங்கள் எனக்கு வெறும் அம்புக் கூட்டமாகத் தெரிகின்றன. எங்கிருந்து தொடங்குவது? கடலே இல்லாத நம் பகுதிக்கு இதனால் என்ன பயன்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆனியிலும் ஆடியிலும் உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுழற்றுவது அரபிக்கடலைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்குண்டு, வேகம் பிடித்து வரும் மேற்குக் காற்று. கேரளக் கரைக்கு அப்பால் அது வலுக்கிறதா, தளர்கிறதா என்பது வாழைக்கு முட்டுக் கொடுப்பவருக்கும் காற்றாலை மின்சாரத்தைக் கணக்கிடுபவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டிய சேதி. ஆனால் நடுக்கடலில் அளவிட ஆள் இல்லை. சில மிதவைகளும் போகிற வருகிற கப்பல்களும்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் செயற்கைக்கோளின் பொறுப்பு.

இனி அந்த அம்பு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் காற்றில்லாத நேரத்தில் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நின்றால் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். காற்று தொட்டதும் நீர்ப்பரப்பு சிலிர்த்து, வெளிச்சம் நாலாபுறமும் சிதறும். செயற்கைக்கோளின் ரேடார் சாய்வாக நுண்ணலைகளை அனுப்பி, இந்தச் சிலிர்ப்பிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைத்தான் அளக்கிறது. அமைதியான நீர் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். சிலிர்த்த நீர் திருப்பி அனுப்பும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்து வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள்.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. காற்றை எதிர்கொண்டு பார்த்தாலும், அதன் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எதிரொலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஓர் இடத்துக்கு இரண்டு முதல் நான்கு விடைகள் வரை கிடைக்கும். அவற்றில் ஒன்றைக் கணினி தேர்ந்தெடுத்து வரைந்துவிடும். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் புதிதாகச் சுழல் உருவாகும் இடத்தில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது தடம் மாறி அம்பை நேர் எதிராகத் திருப்பி வைத்துவிடுவதுண்டு.

மழை அடுத்த பகை. ஐரோப்பாவின் மெட்ஆப் செயற்கைக்கோள்களில் உள்ள ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 செ.மீ.; மழை அதை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. 2009இல் ஏவிய ஓசன்சாட்-2, 2016இன் ஸ்கேட்சாட்-1, 2022 நவம்பரில் சென்ற ஓசன்சாட்-3 ஆகிய நம் செயற்கைக்கோள்களின் அலை 2.2 செ.மீ. அளவு. மழைத்துளி அதைச் சிதறடிக்கும். மென்காற்று வீசும் இடத்தில் கனமழை பெய்தால் வேகம் கூடுதலாகப் பதிவாகும். அம்புகள் செயற்கைக்கோளின் பாதைக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். அப்படிப்பட்ட வரிசையைக் கண்டால் உடனே மேகப் படத்தைப் பக்கத்தில் திறந்துவையுங்கள். நம் கருவி குறைபட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 1,400 கி.மீ.க்கும் அகலமான கடலை இடைவெளியில்லாமல் அது பார்க்கிறது. மெட்ஆப் பார்ப்பதோ தலா 550 கி.மீ. அகலமுள்ள இரு பட்டைகள், நடுவே வெற்றிடம். புயல் அந்த வெற்றிடத்தில் விழுந்துவிட்டால் படத்தில் எதுவும் இருக்காது. அதைப் பார்த்து அங்கே அமைதி என்று எழுதிவிட்டால் மீனவர் உயிருக்கு யார் பொறுப்பு?

கரையோரத்திலும் எச்சரிக்கை வேண்டும். நிலத்தின் எதிரொலி கடலின் எதிரொலியை அமுக்கிவிடும் என்பதால் கரையை ஒட்டிய கட்டங்கள் விடுபட்டுப் போகும். 2017 நவம்பர் 29, 30 தேதிகளின் ஒக்கிப் புயல் படங்களை நான் வகுப்பில் தவறாமல் எடுப்பது இதற்காகத்தான். இலங்கைக்கும் குமரிமுனைக்கும் பக்கத்திலேயே வளர்ந்த புயல் அது.

தொடங்கும் முறை இதுதான். பழைய புயல் ஒன்றின் படத்தை அச்செடுத்து, கணினி தேர்ந்த திசையை மறைத்துவிடுங்கள். நம் அரைக்கோளத்தில் தாழ்வுப் பகுதியைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, கிடைத்த விடைகளிலிருந்து பென்சிலால் நீங்களே அம்புகளைத் தேர்ந்து, மையத்தைக் குறியுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். முதல் பத்துப் படங்களில் கை தடுமாறும். பிறகு கண் பழகிவிடும். கணினியின் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு இந்தக் கண் வாய்ப்பதேயில்லை என்பது என் அனுபவம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 34 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கி.மீ.) தொட்டால்தான் புயல். 28 முதல் 33 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அம்பு காட்டுவது பொதுவாக 25 கி.மீ. கட்டத்தின் சராசரி என்பதால், குறுகிய உச்சக்காற்று அதில் மழுங்கிவிடும். 32 நாட் என்று ஒரேயொரு அம்பு காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுற்றியுள்ள அம்புகள், மிதவை, கப்பல் செய்தி எல்லாம் சேர்ந்து பேச வேண்டும்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரத்தையும் படியுங்கள். மெட்ஆப் நம் பகுதியைக் காலையும் இரவும் 9.30 மணிவாக்கில் கடக்கிறது. ஓசன்சாட்-3 நண்பகலிலும் நள்ளிரவிலும். மாலையில் உங்கள் மேசைக்கு வரும் காற்று, பகலில் வீசி முடிந்த காற்றாக இருக்கலாம்.

அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் என்ற தரவு இணையதளத்தில் பதிவுசெய்தால் நம் செயற்கைக்கோள் தரவுகள் கிடைக்கும். வரும் ஆனி முதல் தேதியில் ஒரு நோட்டுப் போடுங்கள். கொச்சிக்கு மேற்கே கடலில் அம்பு காட்டும் வேகத்தை ஒரு பத்தியிலும், அன்று பல்லடத்தில் வீசிய காற்றை மறு பத்தியிலும் எழுதுங்கள். ஆவணி பிறக்கும்போது அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.