லெஃப்கடாவைப் பாய்மரப் படகில் சுற்றிவர ஏழு நாள் போதுமா?

கேள்வி: ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் பணிபுரிகிறேன். வருகிற செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மனைவி, ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள், என் அம்மா, மனைவியின் தம்பி ஆகியோருடன் கிரேக்க நாட்டின் லெஃப்கடா தீவுக்குச் சென்று, அங்கே பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏழு நாளில் தீவை முழுமையாகச் சுற்றிவர விரும்புகிறேன். ஜெர்மனியின் கடல் படகு உரிமத்தைச் சென்ற ஆண்டு பெற்றேன். முகவர் ஒருவர், “இந்த உரிமமே போதும், இரண்டாவது ஆளாக உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டால் சரி, இந்த வாரத்துக்குள் முழுத் தொகையையும் அனுப்பினால் 12 சதவீதம் தள்ளுபடி” என்கிறார். திட்டம் சரியானதுதானா? பணத்தை அனுப்பலாமா?

பதில்: பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். தீவைச் சுற்றும் எண்ணத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள். விடுமுறையையே கைவிடச் சொல்லவில்லை. லெஃப்கடாவின் கிழக்குப் பக்கக் கடல் குடும்பத்தோடு போவதற்கு மத்தியதரைக் கடலில் நான் அறிந்த மிக நல்ல இடங்களில் ஒன்று.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். லெஃப்கடா இருக்கும் அயோனியன் கடலில் படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் வாடகைக்குத் தரப்படுகின்றன. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும்; பொருள்களைச் சரிபார்த்து, மளிகையும் குடிநீரும் ஏற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே டீசலை நிரப்பிக்கொண்டு புறப்பட்ட துறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆக, ஏழு நாளுக்கு வாடகை கொடுத்து ஐந்தரை நாள் ஓட்டுகிறீர்கள். துறையில் உள்ள அத்தனை படகுகளும் ஒரே மாலையில் ஒரே டீசல் பம்பின் முன் வரிசைகட்டி நிற்கும் இந்த ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகளாகியும் யாரும் மாற்ற முன்வராதது எனக்கு விளங்கவே இல்லை.

தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் திட்டம் எளிதாகத்தான் தோன்றும். தீவை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய ஐம்பது கடல் மைல்; மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் பத்து மணி நேரம். முகவரும் வரைபடத்தை விரித்து இதைத்தான் காட்டியிருப்பார். வரைபடத்தில் தெரியாதது, ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது என்பது. கிழக்குக் கரையில் நிட்ரி, விளிகோ, சிவோட்டா என்று வரிசையாகத் துறைகள் உண்டு. எதிரே மெகானிசி தீவும் இருப்பதால், எங்கிருந்து புறப்பட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒரு விரிகுடாவுக்குள் நுழைந்துவிடலாம். மேற்குக் கரையிலோ, தீவை நிலப்பகுதியிலிருந்து பிரிக்கும் கால்வாயின் வடக்கு வாயிலிலிருந்து, தெற்கே கலங்கரை விளக்கம் நிற்கும் லெஃப்காட்டாஸ் முனை வரை சுமார் இருபது கடல் மைலுக்கு, ஒரு பாய்மரப் படகு நம்பிக்கையோடு இரவு தங்கக்கூடிய துறை ஒன்றுகூட இல்லை. படங்களில் எல்லாரும் பார்த்து மயங்கும் எக்ரெம்னி, போர்ட்டோ கட்சிகி கடற்கரைகள் அந்தப் பக்கத்துச் செங்குத்தான வெண்பாறைகளின் அடியில் இருக்கின்றன. 2015 நவம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அந்தப் பாறைகள் சரிந்து எக்ரெம்னி கடற்கரையின் பெரும்பகுதியை மூடின. கோடையில் நண்பகலுக்கு மேல் எழும் வடமேற்குக் காற்றை அங்கே மைஸ்த்ரோ என்பார்கள். கிழக்குப் பக்கத்தில் இனிய ஓட்டம் தரும் அதே காற்று, மேற்குப் பக்கத்தில் படகைப் பாறையை நோக்கித் தள்ளும். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றுபோய், பாய் சிக்கிக்கொண்டு, கீழே அறையில் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நிலையை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

போர்ட்டோ கட்சிகியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. முந்தைய இரவு தெற்கே வசிலிகியில் தங்கி, காலையில் காற்று எழுவதற்கு முன் முனையைச் சுற்றிப் போனால் எட்டு, ஒன்பது கடல் மைலில் அங்கே சேரலாம். பாறையின் அடிக்குப் போகாமல் தள்ளி நின்று குளித்துவிட்டு நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். முன்னறிவிப்பில் அலை ஒரு மீட்டருக்கு மேல் என்று இருந்தால் போகவே வேண்டாம்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் வாடகை குறையும் காலம். நீரும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் கோடை முடியும் அந்த வாரங்களில்தான் இடிமழையும் திடீர்ச் சூறையும் தொடங்குகின்றன. 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி விளிகோ விரிகுடாவில் சில நிமிடங்களே வீசிய சூறையில் பல படகுகள் கரையில் தூக்கி எறியப்பட்டன, ஒருவர் உயிரிழந்தார். நாற்புறமும் நிலம் சூழ்ந்த, அடியில் நல்ல சேறுள்ள, அந்தப் பகுதியிலேயே மிகப் பாதுகாப்பானது என்று எல்லாரும் நம்பிய விரிகுடா அது. 2020 செப்டம்பர் 17, 18 தேதிகளில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியா, இத்தாக்கா, ஜாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியது. உங்கள் ஐந்தரை நாளில் ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் வெறுமையாக வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சுற்றிவர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்ப வேண்டுமே என்ற அவசரத்தில் போகக்கூடாத நேரத்தில் புறப்படுகிறார்கள்.

இனி உரிமம். நீங்கள் பெற்றிருப்பது 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரப் படகுகளுக்கான உரிமம். அதன் செய்முறைத் தேர்வு இயந்திரப் படகில்தான் நடக்கும். பாயைத் தொடாமலேயே தேறிவிடலாம். பாய்மரப் படகுக்கென்று ஜெர்மனியில் இருக்கும் கடலோரச் சான்றிதழுக்கு 300 கடல் மைல் ஓட்டிய அனுபவம் வேண்டும். கிரேக்கத்தில் வாடகைப் படகை எடுத்துச் செல்ல ஒருவரிடம் உரிமம் இருக்க வேண்டும். உடன் வருபவர்களில் இன்னொருவரும் உரிமம் காட்ட வேண்டும், அல்லது தமக்குப் படகு நடத்தத் தெரியும் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அந்த உறுதிமொழியைத்தான் முகவர் “கையெழுத்துப் போட்டால் சரி” என்கிறார். நீங்கள் கடலில் விழுந்துவிட்டால் படகைத் திருப்பி உங்களைத் தூக்க வேண்டியவர் யாரோ அவர் போட வேண்டிய கையெழுத்து அது. உங்கள் மனைவி படகு நடத்திப் பழகாதவர் என்றால், அவரிடம் அதை வாங்குவது அவருக்கு இழைக்கும் அநீதி.

கோர்சிகாவுக்குப் போனால் பிரெஞ்சு அரசு பாய்மரப் படகுக்கு உரிமமே கேட்பதில்லை; கிரேக்கத்தில் இரண்டு பேர் தாள் காட்ட வேண்டியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 40-ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு பொதுச் சான்றிதழை வகுத்துப் பல ஆண்டுகள் ஆகியும் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படியே நடக்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் முகவர்கள் வாழ்கிறார்கள். “உரிமம் போதும்” என்ற சொல்லை முகவரின் வாயிலிருந்து ஏற்காதீர்கள். படகை வைத்திருக்கும் நிறுவனமே, உரிமத்தின் நகலைப் பார்த்தபின் எழுதித் தரட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, சம்பளத்துக்கு ஒரு படகோட்டியை, அங்கே ஸ்கிப்பர் என்பார்கள், அமர்த்திக்கொள்வது. நாளொன்றுக்கு 200 யூரோ அளவில் ஆகும். சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அவர் வந்தால் உங்கள் உரிமம் பற்றிய கேள்வியே எழாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு படகுக்கும் இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற எண்ணிக்கை அதன் சான்றிதழில் இருக்கும். விளம்பரத்தில் போடும் படுக்கை எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆறு பேர், படகோட்டியோடு ஏழு. ஆறு வயதுப் பிள்ளையை அரை ஆளாகக் கணக்கிடுவது பேருந்தில் நடக்கும், படகில் நடக்காது. கைக்குழந்தையும் முழு ஆள்தான். படகோட்டி எங்கே உறங்குவார் என்பது அடுத்த கேள்வி. மூன்று அறைப் படகை எடுத்தால் அவர் நடுக்கூடத்து இருக்கையில் படுப்பார். அம்மா இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டிப் போக வேண்டும். காலையில் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் தூக்கம் கெட்டுக் கண் சிவந்து நிற்பார். நான்கு அறைப் படகையே கேளுங்கள். நாற்பது அடிப் படகில் ஏழு பேரை அடைத்துவிட்டு “வசதியாக இருக்கும்” என்று சொல்லும் முகவர் ஒரு வாரம் அதில் இருந்ததில்லை.

இப்போது பணம். அயோனியன் பகுதியில் பெரும்பாலான படகுகளின் வாடகையை முடிவு செய்வது படகை நடத்தும் நிறுவனம். முகவருக்கான தரகை அந்த நிறுவனமே தருகிறது. ஒரே படகு ஐந்து முகவர்களிடமும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைப்பதைத் தேடிப் பார்த்தால் நீங்களே காண்பீர்கள். இந்த “12 சதவீதம்” பெரும்பாலும் முன்கூட்டிப் பதிவு செய்யும் எல்லாருக்கும் நிறுவனம் தரும் சலுகையாகவே இருக்கும். அதை முகவர் தன் சொந்தச் சலுகைபோல் காட்டி, முழுத் தொகையை முன்னதாக வாங்கப் பார்க்கிறார். பதிவின்போது பாதி, புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் மீதி என்பதே வழக்கம். இதற்கு மாறாக அவசரப்படுத்துகிறவரிடம் பணத்தட்டுப்பாடு இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இதை நான் காரணமின்றிச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து மாணவர்களோடு லெஃப்கடா துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்துப் பெண் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, எங்கள் படகின் வரிசையில் முதல் தவணைக்கு நேரே இருந்த எண்ணையும் இரண்டாம் தவணைக்கு நேரே இருந்த வெற்றுக் கட்டத்தையும் விரலால் காட்டினார். இரண்டையும் நான் முகவரிடம் கட்டியிருந்தேன். அவருடைய தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெயிலில் பைகளோடு நின்ற மாணவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அந்தப் பாதியை மறுபடியும் கட்டினேன். அது திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து, நிறுவனத்தின் பெயரும் படகின் பெயரும் கட்டப்பட்ட ஆண்டும் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வராமல் நான் யாருக்கும் பணம் அனுப்புவதில்லை. “இந்தப் படகு அல்லது அதற்கு நிகரானது” என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நான்கு அறைக்குப் பதில் மூன்று அறை வந்து நிற்கும். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பிணைத்தொகை தனி. நடுத்தரப் படகுக்கு 2,000 முதல் 4,000 யூரோ வரை கடன் அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் விடுவிப்பார்கள். பிணைக்குப் பதிலாகத் திரும்பி வராத சிறு கட்டணம் ஒன்றைக் கட்டச் சொல்வதும் உண்டு. அதைக் கட்டிவிட்டால் கவலையில்லை என்று முகவர் சொல்வார். ஆனால் கரைக்குப் போய்வரும் சிறு துணைப்படகையோ அதன் இயந்திரத்தையோ தொலைத்தால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் அதை ஈடுசெய்யாது. எதை எடுத்தாலும், சனிக்கிழமை மாலை எவ்வளவு களைப்பாக இருந்தாலும், படகை வாங்கும்போது பின்பக்க மூலைகள், சுக்கான், பாயின் தையல், நங்கூரம் ஏற்றும் இயந்திரம் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். நங்கூரச் சங்கிலியை ஒரு முறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிவோட்டாவில் மாலை ஐந்து மணிக்கு மேல் படகுகள் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். ஒருவர் சங்கிலிமேல் இன்னொருவர் சங்கிலி கிடக்கும். மறுநாள் காலை முதலில் கிளம்புகிறவரின் நங்கூரத்தில் பக்கத்துப் படகின் சங்கிலி தொங்கிக்கொண்டு மேலே வரும். அந்தப் பாரத்தில்தான் பழைய இயந்திரங்கள் பழுதாகும். முன்பே தேய்ந்திருந்தது என்பதற்கு உங்களிடம் படம் இல்லையென்றால் பிணையில் கழிப்பார்கள். அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

பாதையைப் பொறுத்தவரை, ஞாயிறு காலை கால்வாய் வழியே தெற்கே இறங்கி மெகானிசியின் ஸ்பார்டோகோரி, திங்கள் கஸ்டோஸ் தீவு, செவ்வாய் இத்தாக்காவின் கியோனி, புதன் சிவோட்டா, வியாழன் விளிகோ, வெள்ளி திரும்புதல் என்று வைத்துக்கொள்ளலாம். வெறுமையாக வைக்கச் சொன்ன நாள் தேவைப்பட்டால் கியோனியை விட்டுவிடுங்கள். இவற்றில் பல இடங்களில் கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு குறுகிய பலகையில் நடந்துதான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், பக்கத்தில் கைப்பிடிக் கயிறு கட்டித் தரும்படி படகோட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முகவருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். படகை நடத்தும் நிறுவனத்தின் பெயர், படகின் சான்றிதழில் உள்ள ஆள் எண்ணிக்கை, படகோட்டியின் கட்டணம், இரண்டு தவணைகளையும் நிறுவனத்தின் கணக்கிலேயே நேராகச் செலுத்தும் வசதி ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாளில் தெளிவான பதில் வந்தால் அவரிடமே பதிவு செய்யலாம். “முதலில் பணத்தைக் கட்டுங்கள், விவரம் பிறகு” என்று வந்தால், அதே படகை அந்த நிறுவனத்திடமே நேரில் கேளுங்கள். விலை பெரும்பாலும் அதே விலைதான் இருக்கும்.