மீட்டரைவிட வயதைப் பாருங்கள்: பழைய கார் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: 12 வயதான பெட்ரோல் செடான் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரே கை. 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதே விலைக்கு 7 வயதான வண்டியும் இருக்கிறது, ஆனால் அது 1,10,000 ஓடிவிட்டது. வீட்டில் நான்கு பேர். குறைவாக ஓடியதை எடுப்பதுதானே நல்லது?

சர்வீஸ் ரசீதுகள் ஒழுங்காக இருந்தால், நான் 1,10,000 ஓடிய வண்டியைத்தான் முதலில் பார்ப்பேன்.

கணக்குப் போடுங்கள். 12 வருடத்தில் 48,000 என்றால் வருடத்துக்கு 4,000, நாளுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர். அதுவும் விட்டு விட்டுப் போன சின்னச் சின்னப் பயணங்களாக இருந்தால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்திருப்பார்கள். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து, நாளடைவில் கறுப்புக் கசடாகப் படியும். சைலன்சருக்குள் தேங்கும் ஈரம் காயாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, உலோகம் ஓட்டத்தில் தேயும், ரப்பர் ஓடாமலே கெடும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கையேட்டைப் பாருங்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றிருக்கும். விற்பவர் கிலோமீட்டரை மட்டும் சொல்லி, "இன்னும் பாதிகூட ஆகலையே" என்பார். அந்த பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டிவரும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜின் மவுன்டிங், லோயர் ஆர்ம் புஷ் எல்லாமே ரப்பர்தான். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் சஸ்பென்ஷனில் வேலை இருக்கிறது.

டயர் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. 10 வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். இறுகிப்போன ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. பிரேக் ஆயிலும் நின்ற இடத்திலேயே கெடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கப் போகும் அன்று வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எழுப்பும் சத்தத்தை உங்களிடம் மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓடினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறியதும் திறந்து, கூலன்டை (குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடும் வால்வு. நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சற்று நேரத்தில் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், சென்சார் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சுற்றியும் முள் ஏறினால், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் முள் இறங்காது.

அதைக் கழற்றினால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து, கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், பிளக்கில் கரி பிடிக்கும். ஃபேன் கோளாறோ அப்படியே இருக்கும்.

கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். துருவைத் தடுக்கும் சரக்கு கூலன்டில்தான் இருக்கிறது. வெளியே கசிவே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். முள் சிவப்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். "வீடு பக்கத்தில்தானே, மெதுவாகப் போய்விடலாம்" என்று ஓட்டி வந்து ஹெட் வளைந்துபோன வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. ஒரு சின்ன ரிலேயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, பாதி இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். அந்தக் குடும்பத்தாரிடம் கணக்குச் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமான காரியம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வருகிறது, அப்புறம் இல்லை. இன்ஜின் போய்விட்டதா?

இல்லை. பெரும்பாலும் வால்வு சீல் இறுகியிருக்கும். இரவில் சொட்டும் ஆயில் காலையில் எரிகிறது. ஓடும்போது, குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அது பெரிய வேலை. வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு நிற்கிறதென்றால் அவசரப்பட வேண்டியதில்லை.

கேள்வி: பழைய செடான் வாங்கினால் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் கைவிடுவது?

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று எடுத்து வைக்கச் சொல்வது என் வழக்கம். முந்தியவர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்த வருடத்தில்தான் தலைகாட்டும். முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங், கூலிங். ஏசி அதன் பிறகு. பெயின்ட் கடைசியில், அதுவும் மனசு கேட்டால். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஆயில் எப்போது மாற்றியது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அந்தப் பெட்டி போனால் செலவு தாங்காது.

ரிப்பேர் செலவு வண்டி மதிப்பில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மற்றதெல்லாம் திடமாக இருந்தால், அந்தப் பணத்துக்கு வேறு எந்த வண்டி கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அடித்தளத்திலோ சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ துரு ஓட்டை போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜினை மாற்றலாம், உளுத்த பாடியை நம்ப முடியாது.

பெரிய வேலைக்கு வண்டியை விடும்போது, பிரித்ததோடு பிரித்ததாக வேறு எதை மாற்றிவிடலாம் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட்டுக்காகத் திறக்கும்போதே டென்ஷனரையும், அந்த பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பையும் மாற்றலாம். கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்சையும் பின் கிராங்க் ஆயில் சீலையும் பார்த்துவிடலாம். கூலியை இரண்டாவது முறை கொடுக்க வேண்டியிருக்காது.