டாக்டர் ஆகாமல் ஆரோக்கியம் படிக்க ஆசைப்படும் மகள்

மருத்துவத்துக்கு முயலாமல் ‘மனித ஆரோக்கியம்’ பட்டப்படிப்பில் சேரப் போவதாக மகள் சொல்கிறாள், படித்துவிட்டு என்ன ஆவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் போல உரிமம் கேட்கும் வேலைகளுக்கும் தனிப்படிப்பு வேண்டும்.

அப்படியானால் என்னதான் படிப்பார்கள்? உடற்கூறியல், சத்துணவு எல்லாம் உண்டு. ஆனால் படிப்பின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் குறையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த மாத்திரை சரியானதுதான். அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும், வழியில் வண்டியை நிறுத்த முடியாது, அதனால் ஓடும் நாட்களில் விழுங்குவதில்லை. மருத்துவர் மாத்திரையை மாற்றிப் பார்ப்பார். உங்கள் மகளோ வேலை நேரத்தையும் வழியில் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் விசாரிக்கப் பழகுவாள்.

1967-ல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வையும் கட்டாயம் படிப்பாள். எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச சிகிச்சை. அப்படியும் இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

உலக சுகாதார நிறுவனம் 1948-லேயே, நோயில்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றிலும் முழு நலம் வேண்டும் என்றது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து வேலைக்குப் போய்வருகிறவரை இந்தக் கணக்கு ஆயுள் முழுக்க நோயாளியாக்கிவிடும். வந்ததைச் சமாளித்துத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறன்தான் ஆரோக்கியம் என்று 2011-ல் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். சரி, ஆனால் சமாளிக்கச் சொல்லிவிட்டு அழுக்குத் தண்ணீரை அப்படியே விட்டுவிடலாமா? இந்த வாக்குவாதத்தில் மகளுக்கு ருசி தட்டினால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

வேலை என்று பார்த்தால் மருத்துவமனை நிர்வாகம், மருத்துவக் காப்பீடு, சுகாதாரத் திட்டங்கள், ஆய்வுக்குத் தகவல் சேகரிப்பு. இளங்கலையோடு பெரும்பாலும் உதவியாளர் நிலையில்தான் நுழைய முடியும். மேலே போக பொதுச் சுகாதாரத்திலோ, உடல்நலத் தகவல்களைக் கணக்கிட்டு ஆராயும் உயிரிப் புள்ளியியலிலோ முதுகலை தேவைப்படும். அதனால் செலவுக் கணக்கில் அந்த ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்குங்கள். புள்ளியியலும், நோய் யாருக்கு எங்கே ஏன் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலும், களப்பணியும் இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். வாழ்க்கைமுறை அறிவுரைகளைத் தொகுத்துப் பட்டம் என்று தருகிற இடங்களும் இருக்கின்றன.

மகளிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. மருத்துவத்துக்கு மறுபடி முயலும்வரை ஒதுங்கி நிற்க ஓர் இடமாக இதைப் பார்க்கிறாளா? ஆமாம் என்றால் திட்டாதீர்கள். அதற்குத் தேவையான வேதியியல், இயற்பியல் தாள்கள் இந்தப் படிப்பில் இல்லாமல் போகலாம், அதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரிடம் பட்டம் வாங்கிய முதல் வருடம் என்ன வேலை பார்த்தார்கள் என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.