சுவடியும் கிருமியும்: பரிணாமச் சிந்தனை பற்றிக் கேள்வி பதில்

தமிழ் எம்.ஏ. படிக்கிறேன் சார். பரிணாமம் உயிரியல் பாடம்தானே, எனக்கு எதற்கு?

சுவடிப் பதிப்புக்குள் இறங்கினால் முதல் வாரமே தேவைப்படும். நகலாகும்போது சிறு மாற்றம் நேர்ந்து, அது வாரிசுகளுக்குத் தொடர்வதுதான் பரிணாமத்தின் அடிப்படை; ஏட்டிலும் அதுவே நடக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சீரில் தொடங்கினால், ஏடு பெயர்த்து எழுதுபவரின் கண் தாவிவிடும். ஓர் அடி விட்டுப்போகும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரிடமும் அந்த அடி இருக்காது. பத்துச் சுவடிகளில் நான்கில் மட்டும் அது இல்லையென்றால், அந்த நான்கும் ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று சந்தேகிக்கலாம். சரியான பாடம் (ஏட்டில் எழுதியுள்ள சொற்கள்) ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்ல முடியாது, அது மூலத்திலிருந்தே எல்லோருக்கும் வந்திருக்கும். பிழை ஒத்துப்போவதுதான் சாட்சி.

உயிரினங்களை வகைப்படுத்த ஜெர்மன் உயிரியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வகுத்த முறையும் இதேதான்: பழைய பொதுப் பண்பை விடு, புதிதாக வந்த மாற்றத்தைப் பார். இத்தனைக்கும் சுவடிக்காரர்கள் இதில் மூத்தவர்கள். சுவீடனில் ஷ்லீட்டர் என்ற அறிஞர் பழைய சட்டச் சுவடிகளுக்கு வம்சமரம் வரைந்தது 1827இல். பரிணாமம் பற்றிய டார்வின் நூல் வந்தது 1859இல். அப்புறம் 1998இல் உயிரியலாளர்களின் கணினி முறையை வைத்தே பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு பகுதியின் 58 பிரதிகளுக்கு உறவு கண்டார்கள்.

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பிழையைச் செய்திருந்தால்?

நல்ல கேள்வி. பழைய ஏட்டில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். 'காடு' என்பதைக் 'கரடு' என்று யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அப்படி எளிதில் நேரும் பிழையை உறவுக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகு இருப்பதால் அவை நெருங்கிய சொந்தம் ஆகிவிடுமா?

நீலகிரியில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவத்தில் இது எங்கே வருகிறது?

உங்கள் மலையிலேயே இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் மரபுக் கோளாறு, 1952இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பெரிய பாதுகாப்பு; இருவரிடமிருந்தும் வந்தால் நோய். இவ்வளவு துன்பம் தரும் மரபணு ஏன் அழியவில்லை என்பதற்கு இதுவே விடை. உங்களிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 'எங்கள் ரத்தம் கெட்ட ரத்தம்' என்று ஒரு தாய்கூட நினைக்கக் கூடாது.

கிருமிகளும் அப்படியே. குறைந்த அளவு பென்சிலின் கொடுத்தால் தாங்கிப் பிழைப்பவை பெருகும் என்று அதைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இலேயே நோபல் உரையில் எச்சரித்தார்.

'வலியது பிழைக்கும்' என்பதுதானே பரிணாமம்? ஏழைகளுக்கு உதவுவது இயற்கைக்கு எதிரானது என்கிறாரே ஒரு நண்பர்?

தவறு. அந்தத் தொடர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதியது. அதில் உள்ளது வலிமை அல்ல, சூழலுக்குப் பொருந்துவது. எது நடக்கிறது என்பதிலிருந்து எது நியாயம் என்பது வராது. இதைக் குழப்பிக்கொண்டதால்தான் அமெரிக்காவில் 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்திப் பல்லாயிரம் பேருக்கு அவர்கள் விருப்பமின்றிக் கருத்தடை செய்தார்கள்; 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்தது. நண்பரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஜவுளிக்கடை 'பரிணமித்தது' என்று எம்.பி.ஏ. புராஜெக்டில் எழுதலாமா?

எது பிரதியாகிறது என்று முதலில் பாருங்கள். கொள்முதல், கணக்கு, கடன் கொடுக்கும் வழக்கம் ஆகியவை கிளைக்குக் கிளை நகலாகி, கொஞ்சம் மாறி, சில நிலைத்துச் சில ஒழிந்தனவா? அப்படியென்றால் சரி, எழுதுங்கள். பொருளியலாளர்கள் நெல்சனும் விண்டரும் 1982இல் நிறுவனங்களை அப்படித்தான் ஆராய்ந்தார்கள். அப்பா யோசித்து ஒரே நாளில் ரெடிமேடுக்கு மாறினார் என்றால், அதை 'மாற்றம்' என்றே எழுதுங்கள்.