பிரசங்கியாரின் தனித் தியானம்: பியூரிட்டன்களிடம் கற்பது (கேள்வி பதில்)

கேள்வி: தியானிக்க உட்கார்ந்தால் ஞாயிறு பிரசங்கக் குறிப்புதான் மனதில் ஓடுகிறது. இது தவறா, ஐயா?

குறிப்பு வருவது தவறில்லை, தம்பி. தனக்கென்று எதுவும் எடுக்காமல் எழுந்துவிடுவதுதான் ஆபத்து. தன் ஆத்துமாவுக்குள் முதலில் பிரசங்கிக்கப்பட்ட செய்தியைத்தான் ஒருவன் மற்றவர்களுக்கு நன்றாகப் பிரசங்கிக்க முடியும் என்றார் ஜான் ஓவன். அவர் ஒரு பியூரிட்டன், அதாவது சபையை வேதத்தின்படி சீர்திருத்த விரும்பிய 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிறிஸ்தவர்களில் ஒருவர். ஆகவே தியானிக்கும் வசனமும் பிரசங்க வசனமும் வேறுவேறாக இருக்கட்டும். நோட்டைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

கேள்வி: ரிச்சர்ட் பாக்ஸ்டரின் முறையைப் படிப்படியாகச் சொல்வீர்களா?

பாக்ஸ்டரும் ஒரு பியூரிட்டன் போதகர். 1650-இல் வெளியான பரலோக இளைப்பாறுதல் பற்றிய நூலில் அவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு உகந்த நேரம் சூரியன் மறைந்து இருட்டும்வரை. ஈசாக்கும் சாயங்காலத்தில்தானே தியானம்பண்ண வெளியில் போனார்! நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரே ஒரு சத்தியத்தை எடுத்துச் சிந்திக்க வேண்டும். சிந்தனை அன்பையும் வாஞ்சையையும் நம்பிக்கையையும் தட்டியெழுப்பும்வரை அதை விடக்கூடாது. பிறகு 42-ஆம் சங்கீதக்காரனைப் போலத் தன் ஆத்துமாவோடு பேச வேண்டும். கடைசியில் அதே பேச்சை ஜெபமாகத் தேவனிடம் திருப்ப வேண்டும்.

பலர் தவறவிடுவது ஆத்துமாவோடு பேசும் இடத்தை. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்ற வசனத்தை எடுத்தால், “மேய்ப்பர் இருக்கிறார் என்கிறாயே, பின்னே ராத்திரி முழுக்கக் காணிக்கைக் கணக்கை நினைத்து ஏன் புரண்டாய்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் நிற்கும்போது ‘என்’ என்ற ஒரு சொல்லின் கனம் தெரியும். விளக்கி, நிரூபித்து, வாழ்க்கைக்குப் பொருத்துவது பிரசங்கியின் வேலை. இங்கேயும் அதே வேலைதான்; கேட்பவரும் நீங்களே என்பதுதான் வித்தியாசம்.

கேள்வி: தியானத்தோடு பியூரிட்டன்களைப் போல உபவாசமும் இருந்தால், அதில் தண்ணீராகாரம் கூடாதா?

பியூரிட்டன் காலத்து ஆராதனை வழிகாட்டி நூலான 1645-இன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை ஒழுங்கு எல்லா உணவையும் விலக்கச் சொல்கிறது. தாங்க முடியாத பலவீனருக்கு மட்டும் மிகக் கொஞ்சம் அனுமதிக்கிறது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு நேரம் தனியே இருந்தால் சபை மக்களை எப்போது பார்ப்பது?

பாக்ஸ்டரும் உதவி ஊழியரும் இங்கிலாந்தில் அவர் ஊழியம் செய்த கிடர்மின்ஸ்டர் ஊரில் திங்களும் செவ்வாயும் முழுக்க, வாரம் 15, 16 குடும்பங்களுக்கு விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் வினாவிடை போதித்தார்கள். 800-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஒரு வருஷத்தில் முடிப்பதே கணக்கு. மாலையில் தன் ஆத்துமாவைக் கேட்டுப் பழகியவருக்கு, ஒரு வீட்டுத் திண்ணையில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.