ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லுக்கு ஃபில்லிங் போதுமா?

வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் முடிந்து வலியே இல்லாதபோது கேப் எதற்கு, ஃபில்லிங்கோடு விட்டால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வலியை வைத்து அல்ல, எஞ்சியிருக்கும் பல்சுவர்களை வைத்தே மருத்துவர் இதை முடிவு செய்கிறார். நீங்கள் எழுதியபடி பக்கத்துப் பற்களை ஒட்டிய இரு விளிம்புகளும் சொத்தையில் போய்விட்டதால், கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் பிடிப்பின்றித் தனித்தனியே நிற்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது நடுவிலுள்ள ஃபில்லிங் ஆப்புப் போல் இறங்கி ஒரு சுவரைப் பிளக்கலாம், அந்த விரிசல் வேருக்குள் ஓடிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். கேப் இரு சுவர்களையும் மேலிருந்து மூடிச் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்குப் பல்லின் மேற்புறத்திலேயே சுமார் 1 முதல் 2 மி.மீ. வரை செதுக்க வேண்டும் என்பதால், சிறு சொத்தைக்குக் கேப் என்றால் நானே தயங்குவேன். உங்கள் பல்லுக்குத் தயங்கமாட்டேன்.